முளையடித்தவர் யார்?
பொன் தேடலின் வரலாற்றில் தனியாளும் கூட்டாளியும்

1

ஊர் உலகத்தை விட்டு வெகுதூரத்தில் பொன் தேடிப் போகிறவன் தனியாகப் போவது நல்லதா, துணையோடு போவது நல்லதா? பொன் தேடலின் வரலாற்றை எழுதியவர்களும் சரி, அதை வைத்துக் கதை பண்ணியவர்களும் சரி, இந்தக் கேள்வியை எங்காவது ஓரிடத்தில் எழுப்பாமல் விட்டதில்லை. பதிலும் தயாராகவே இருக்கும். தனியாகப் போனால் பங்கு பிரிக்க வேண்டாம், ரகசியம் வெளியே போகாது, சண்டை சச்சரவு கிடையாது. ஆனால் கால் ஒடிந்தால் ஆள் போச்சு. துணையோடு போனால் உயிருக்கு உத்தரவாதம் கொஞ்சம் கூடும், கிடைத்ததில் பாதி போய்விடும். உயிரா, பொன்னா என்று ஒரு கணக்கு. அவரவர் சுபாவத்துக்கு ஏற்றபடி தேர்ந்துகொள்ள வேண்டியது என்று முடித்துவிடுவார்கள்.

இந்தக் கணக்கைச் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. 'தனி', 'துணை' என்ற எதிர்வு, யாரை ஆளாக எண்ணுவது என்பது முன்கூட்டியே முடிவாகிவிட்டது போலப் பேசுகிறது. தமிழில் கூட வருகிறவனைக் குறிக்கக் குறைந்தது மூன்று சொற்கள் உண்டு. கூட்டாளி: சேர்ந்து செய்கிறவன். பங்காளி: சொத்தில் பாத்தியதை உள்ளவன், அதனாலேயே ஜென்மப் பகையாகவும் ஆகக்கூடியவன். கூலி: பொழுது சாய்ந்ததும் கணக்குத் தீர்ந்துபோகிறவன். பொன் கிடக்கிற இடத்தில் மூன்று பேரும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். ஒரே குளிரில் நடுங்குகிறார்கள், ஒரே சட்டியில் சாப்பிடுகிறார்கள். இவர்களில் யார் பங்காளி, யார் வெறும் கூலி என்பது அங்கே முடிவாவதில்லை. அது முடிவாகிற இடம் பதிவு அலுவலகம். 'தனியாகப் போய்க் கண்டுபிடித்தான்' என்று வரலாறு சொல்கிற ஆள் அந்த அலுவலகத்தின் பேரேட்டில் பிறந்தவன். இதை ஒரே ஒரு பிரசித்தமான நிகழ்ச்சியை வைத்துப் பார்க்கலாம். பிறகு நமக்குப் பக்கத்தில் இருக்கிற ஓர் இடத்துக்கும் வரலாம்.

2

கனடாவின் வடமேற்கு மூலையில் யூக்கான் ஆற்றோடு கிளாண்டைக் ஆறு வந்து கலக்கிறது. 1897 ஜூலையில் அங்கிருந்து பொன்னோடு 'எக்ஸெல்சியர்' சான் பிரான்சிஸ்கோவுக்கும் 'போர்ட்லண்ட்' சியாட்டிலுக்கும் வந்து சேர்ந்தன. 1893இல் அமெரிக்காவில் வங்கிகள் சரிந்ததிலிருந்து வேலை இல்லாமல் கிடந்தவர்கள் ஏராளம். சுமார் 1 லட்சம் பேர் கிளம்பினார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் 30,000 முதல் 40,000 பேர் என்பார்கள். அதற்குள் நல்ல ஓடைகளில் எல்லாம் முளை அடித்தாகிவிட்டது. அதாவது நாலு மூலையிலும் முளை நட்டு, பெயர் எழுதி, 'இது என்னுடையது' என்று கோரும் துண்டு நிலம். கிளெய்ம் என்று அதற்குப் பெயர்.

இந்தக் கூட்டத்தில் தனியாகப் போனவன் என்ன பாடு பட்டிருப்பான் என்று பாருங்கள். 1898இல் சில்கூட் கணவாயின் உச்சியில் கனடாவின் குதிரைப் போலீஸ் உட்கார்ந்துகொண்டது. ஓராண்டுக்கு வேண்டிய சாப்பாட்டுச் சாமான் இல்லாதவனுக்கு உள்ளே அனுமதியில்லை. தட்டுமுட்டுகளோடு சேர்த்து ஆளுக்கு ஏறத்தாழ ஒரு டன். அதை முதுகில் ஏற்றிப் பனிச் சரிவில் கொண்டுபோவதற்கு முப்பது நாற்பது நடை ஆகும். மேலே ஒரு மூட்டையை வைத்துவிட்டு அடுத்ததற்குக் கீழே இறங்கினால் வைத்ததை யார் பார்த்துக்கொள்வது? கணவாயைத் தாண்டினால் லிண்டெமன், பென்னெட் ஏரிகள். அங்கே மரம் வெட்டிப் பலகை அறுத்துப் படகு கட்ட வேண்டும். மரத்தைச் சாரத்தின் மேல் கிடத்தி, மேலே ஒருவன், கீழே ஒருவன் நின்று இழுக்கிற பெரிய ரம்பம். கீழே நிற்பவனின் கண்ணில் தூள் விழுந்துகொண்டே இருக்கும். மேலே நிற்பவன் சோம்பேறித்தனம் பண்ணுகிறான் என்று கீழே இருப்பவனுக்குத் தோன்றும், மேலே இருப்பவனுக்கும் அப்படியே. வருஷக்கணக்கான சிநேகிதம் முறிந்த இடம் அதுதான். கட்டின படகையே இரண்டாக அறுத்துப் பாகம் பிரித்துக்கொண்டதாகவும் கதைகள் உண்டு.

கிளெய்ம் கிடைத்துவிட்டாலும் தனியாளுக்கு விமோசனம் இல்லை. தரை கல்லாக உறைந்து கிடக்கிறது. பொன் இருப்பது அடிப்பாறையின் மேல், பல அடி ஆழத்தில். ராத்திரி முழுவதும் தீ மூட்டி உறைமண்ணை இளக்கி, காலையில் இளகினதை வெட்டி, மறுபடி தீ மூட்டி என்று கிணறு இறக்க வேண்டும். கீழே ஒருவன் வெட்டுவான், மேலே ஒருவன் ராட்டினத்தைச் சுற்றி வாளியை இழுப்பான். ஒற்றை ஆளாக இருந்தால் வெட்டி நிரப்பி, ஏணியில் ஏறி, வாளியை இழுத்துக் கொட்டி, மறுபடி இறங்க வேண்டும். ஒவ்வொரு வாளிக்கும் இதே கதை.

ஆக, துணை என்பது ஒருவனின் சுபாவம் சார்ந்த தேர்வு அல்ல. உழைப்பின் வடிவமே இரண்டு ஆளைக் கேட்கிறது. கலிபோர்னியாவின் நீதிமன்றங்கள் 1860களிலேயே இதைப் புரிந்துகொண்டு, சுரங்கக் கூட்டு சாதாரண வியாபாரக் கூட்டு மாதிரி இல்லை, பங்காளி ஒருவர் செத்தாலும் பங்கை விற்றாலும் அது கலையாது என்று சொல்லத் தொடங்கின. சட்டத்துக்குக் கூட்டு என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும், காகிதத்தில் பெயர் இருக்கிறவர்களைப் பொறுத்தவரை.

இலக்கியமும் இந்த எல்லையைத் தாண்டவில்லை. 1897இல் கிளாண்டைக் போய்வந்த ஜாக் லண்டன் இரண்டு கதைகள் எழுதினார். 1899இல் வந்ததில், ஒரே குடிசையில் குளிர்காலத்தைக் கழிக்கும் இரண்டு பேர் சர்க்கரையில் தொடங்கிய சந்தேகத்தில் ஒருவரையொருவர் கொன்றுகொள்கிறார்கள். 1908இல் வந்ததில், கிழவர்களின் எச்சரிக்கையை மீறி ஒரு நாயோடு கிளம்பிய பெயரில்லாத ஆள் தீ மூட்ட முடியாமல் விறைத்துச் சாகிறான். தனியாக இருந்தால் குளிர் கொல்லும், கூட இருந்தால் கூட்டாளி கொல்வான். நாம் தொடக்கத்தில் பார்த்த அதே எதிர்வு. கூட்டாளி என்று யாரைச் சொல்வது என்பது இரண்டு கதைகளிலும் கேள்வியாகவே எழுவதில்லை.

3

அந்தக் கேள்வி எழுந்த நாள் 1896 ஆகஸ்ட் 16. இடம், கிளாண்டைக்கில் வந்து சேரும் முயல் ஓடை.

அங்கே மூன்று ஆண்கள் இருந்தார்கள். ஒருவர் ஜார்ஜ் கார்மாக், கலிபோர்னியாவில் பிறந்த வெள்ளையர். மற்ற இருவர் டாகிஷ் பூர்வகுடியைச் சேர்ந்தவர்கள். கெய்ஷ் என்பவரை வெள்ளையர்கள் ஸ்கூக்கும் ஜிம் என்றார்கள். 'ஸ்கூக்கும்' என்றால் அந்தப் பக்கத்து வியாபாரக் கலப்புமொழியில் பலசாலி. கணவாயில் மூட்டை சுமந்து வாங்கிய பெயர். 1887இல் வில்லியம் மூர் என்ற கப்பல் தலைவருக்கு இன்னொரு கணவாயைக் காட்டிக்கொடுத்தவரும் இவரே. அந்தக் கணவாய்க்கு ஒட்டாவாவில் உட்கார்ந்திருந்த தாமஸ் வைட் என்ற அமைச்சரின் பெயரை வைத்தார்கள். மூன்றாமவர் கா கூக்ஸ், டாகிஷ் சார்லி என்று அழைக்கப்பட்டவர், ஜிம்மின் சகோதரி மகன். நாலாவதாக ஒருவர் முகாமில் இருந்தார். ஷா ட்லா, வெள்ளையர்கள் வைத்த பெயர் கேட். ஜிம்மின் உடன்பிறந்தாள், கார்மாக்கின் மனைவி. ஆக மூன்று ஆண்களும் மச்சான், மருமகன் என்ற உறவுக்காரர்கள். 'பொன் தேடும் குழு' என்று எழுதப்பட்டது உண்மையில் ஒரு குடும்பம்.

ஐந்தாவது ஆள் ஒருவரும் உண்டு. நோவா ஸ்கோஷியாக்காரர் ராபர்ட் ஹெண்டர்சன். ஜோ லாடூ என்ற வியாபாரி கொடுத்த சாப்பாட்டுச் சாமானை நம்பிப் பக்கத்து ஓடை ஒன்றில் தோண்டிக்கொண்டிருந்தார். கிடைப்பதில் பங்கு என்ற ஏற்பாட்டில் வியாபாரி சாமான் கொடுப்பது அங்கே வழக்கம். ஆக 'தனியாகத் தேடுகிற' ஆளின் முதுகுக்குப் பின்னால் ஒரு கடைக்காரர் எப்போதும் கூட்டாளியாக உட்கார்ந்திருக்கிறார்! தன் ஓடைக்கு வரும்படி ஹெண்டர்சன் கார்மாக்கை அழைத்தார், கூடவே இருந்த பூர்வகுடிகள் மட்டும் அங்கே முளை அடிக்கக் கூடாது என்று ஓர் இழிசொல்லோடு சொன்னார் என்று அந்தக் கால வரலாறுகள் எழுதுகின்றன. பிறகு ஜிம்முக்கும் சார்லிக்கும் புகையிலை விற்கவும் மறுத்தார். சில நாளில் முயல் ஓடையில் பொன் தட்டுப்பட்டபோது யாரும் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை. மலையின் மறுபக்கத்தில் அவர் தோண்டிக்கொண்டே இருந்தார். சேதி தெரிந்தபோது ஓடை முழுக்க முளை. ஹெண்டர்சனைத் தனியாளாக்கியது எது? வனாந்தரமா, அவருடைய நிறவெறியா?

பொன்னை முதலில் பார்த்தது யார் என்பதில் இன்றுவரை ஒரு முடிவு இல்லை. தானே பார்த்ததாகக் கார்மாக் சொன்னார். ஜிம்மும் சார்லியும் சொன்னது வேறு: கார்மாக் தூங்கிக்கொண்டிருந்தார், பாத்திரத்தைக் கழுவப் போன ஜிம்தான் கண்டார். வில்லியம் ஆகில்வி என்ற கனடிய நில அளவையாளர் பின்னாளில் இவர்களை விசாரித்து இந்தத் தரப்பையும் பதிவு செய்தார். தெளிவாகத் தெரிவது அடுத்து நடந்ததுதான். சட்டப்படி ஓர் ஓடையில் முதலில் கண்டவருக்கு இரண்டு கிளெய்ம், மற்றவருக்கு ஒன்று. ஒவ்வொன்றும் ஓடையின் நீளத்தில் 500 அடி. முதல் கிளெய்ம் தனக்கு வேண்டும் என்றார் ஜிம். 'கண்டுபிடித்தவன்' என்று ஓர் இந்தியனை அலுவலகம் ஏற்காது என்றார் கார்மாக். வாக்குவாதத்துக்குப் பிறகு, கார்மாக் பெயரில் எழுதி அதில் பாதியை ஜிம்முக்குக் கொடுப்பது என்று பேசிக்கொண்டதாக ஜிம் தரப்பில் சொல்லப்படுகிறது. முதல் கிளெய்மும் அதற்குக் கீழ் ஒன்றும் கார்மாக்குக்கு. மேலே ஒன்று ஜிம்முக்கு. கீழே இரண்டாவது சார்லிக்கு. கேட்டுக்கு ஒன்றுமில்லை.

பிறகு சுமார் 50 மைலில் இருந்த ஃபார்ட்டிமைல் என்ற ஊருக்குப் பதிவு செய்யக் கார்மாக் போனார், சார்லியும் கூடப் போனார். ஜிம் கிளெய்ம்களுக்குக் காவல் இருந்தார்.

4

இந்த வேலைப் பிரிவினையைக் கவனியுங்கள். ஒருவன் அலுவலகத்துக்குப் போகிறான், இன்னொருவன் காவல் இருக்கிறான். கூட்டாளி இருப்பதால் கிடைக்கிற பெரிய சௌகரியம் இது. தனியாளுக்கு இது வாய்க்காது; அவன் பதியப் போனால் இடம் போய்விடும், இடத்தைக் காத்தால் பதிவு போய்விடும். ஆனால் சௌகரியம் முடிந்ததும் கணக்கு வேறு மாதிரி ஆகிறது. காவல் இருந்தவர் பெயர் மங்குகிறது, போனவர் பெயர் நிற்கிறது.

இதற்கு நிறவெறி கூட எப்போதும் தேவைப்படுவதில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியில் 1893 ஜூனில் பொன்னைக் கண்டவர்கள் பேடி ஹேனன், டாம் ஃப்ளானகன், டேன் ஷே என்ற மூன்று ஐரிஷ்காரர்கள். ஹேனன் கூல்கார்டி என்ற ஊருக்குக் குதிரையில் போய்ப் பதிந்தார். மற்ற இருவரும் இடத்தைப் பார்த்துக்கொண்டார்கள். ஊர் முதலில் 'ஹேனன்ஸ்' என்றே அழைக்கப்பட்டது. 1929இல் அங்கே நிறுவிய சிலையும் ஹேனனுக்குத்தான்.

வெள்ளையருக்குள்ளேயே இப்படி என்றால் கேட் போன்றவர் எங்கே நிற்பார்? முதல் குளிர்காலத்தில் பொன் மண்ணுக்குள்தான் இருந்தது, கையில் காசில்லை. அப்போது தோல் செருப்பும் கையுறையும் தைத்துச் சுரங்கக்காரர்களுக்கு விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றியவர் கேட். எந்தக் கடைக்காரரும் சாமான் கொடுத்துப் பங்கு வாங்குகிற ஏற்பாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? லாடூ செய்தால் முதலீடு, கேட் செய்தால் குடும்பப் பொறுப்பு. 1900இல் கார்மாக் அவரைக் கைவிட்டு வேறொரு பெண்ணை மணந்தார். கேட் கலிபோர்னியாவில் வழக்குப் போட்டார். டாகிஷ் முறைப்படி நடந்த கல்யாணத்துக்குச் சான்றிதழ் ஏது? இங்கும் காகிதம் இல்லை. மகளைக் கார்மாக் தன்னிடம் அழைத்துக்கொண்டார். கேட் சொந்த ஊரான கார்கிராஸில், அண்ணன் ஏற்பாடு செய்த குடிசையில் வாழ்ந்து 1920இல் விஷக்காய்ச்சலில் இறந்தார்.

கனடாவின் சுரங்கத் துறைப் பெருமக்கள் மன்றம் என்ற அமைப்பு 1999இல் 'கிளாண்டைக்கைக் கண்டுபிடித்தவர்கள்' என்று நாலு பேரைச் சேர்த்தது: கார்மாக், ஜிம், சார்லி, ஹெண்டர்சன். முளையே அடிக்காத ஹெண்டர்சனுக்குக் கனடா அரசு முன்பே 'இணைக் கண்டுபிடிப்பாளர்' பட்டமும் ஓய்வூதியமும் கொடுத்திருந்தது. அவர் கனடாக்காரர், வெள்ளையர். கேட் சேர்க்கப்பட்டது 2019இல். நூற்றாண்டு கடந்து பட்டியலில் ஒரு பெயர் கூடியது சந்தோஷமே. ஆனால் பட்டியலின் தர்க்கம் அப்படியே இருக்கிறது. 'கண்டுபிடித்தல்' என்ற சொல்லை யாரும் கேள்வி கேட்கவில்லை.

5

கேள்வி கேட்கிற பிரதி ஒன்று இருக்கிறது, எழுத்தில் இல்லை. ஆஞ்செலா சிட்னி போன்ற யூக்கான் பூர்வகுடி மூதாட்டிகள் சொன்ன வாய்மொழி வரலாறுகளை மானுடவியலாளர் ஜூலி குரூக்ஷாங்க் பல ஆண்டுகள் கேட்டுப் பதிவு செய்தார். அவர்கள் சொல்லும் கதையில் ஜிம் பொன் தேடிப் போகவே இல்லை. வெள்ளைக்காரனோடு ஆற்றுப் போக்கில் போன சகோதரியைப் பற்றிச் சேதியே இல்லை. உயிரோடு இருக்கிறாளா என்று பார்த்துவரப் போனார். டாகிஷ் மக்கள் தாய்வழிச் சமூகம். உடன்பிறந்தாளுக்குப் பொறுப்பு அண்ணன் தம்பிதான். மச்சான், மருமகன் முறைகளில் ஊறிய நமக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பொன்னும் அந்தக் கதையில் வருகிறது. வெகுமுன்பு ஜிம் பள்ளத்தில் சிக்கிய தவளை ஒன்றைக் காப்பாற்றினார், அது பிறகு அவருடைய காயத்தை ஆற்றியது, கனவில் பெண்ணாக வந்து பொன் இருக்கிற திசையைக் காட்டியது.

'மூடநம்பிக்கை' என்று இதைத் தள்ளிவிட நம்மில் சிலருக்குக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். கார்மாக்கும் தனக்கு வந்த கனவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கனவில் வந்த மீன்களின் கண்கள் தங்கக் காசுகளாக இருந்தனவாம். அதை வரலாற்றாசிரியர்கள் சுவாரஸ்யமான தகவலாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கதையாடல்களுக்கும் உள்ள வேறுபாடு பகுத்தறிவில் இல்லை, அவை தன்னிலையைக் கட்டும் முறையில் இருக்கிறது. ஒன்றில் ஒரு தனிமனிதன் இயற்கையை எதிர்கொள்கிறான், பார்க்கிறான், எடுக்கிறான். மற்றதில் ஓர் உறவு வலை இருக்கிறது. அதில் சகோதரி, மருமகன், தவளை எல்லோருக்கும் இடம் உண்டு. கிடைத்தது முன்னர் செய்ததற்குத் திரும்பி வந்த கடன். 18ஆம் நூற்றாண்டுப் பொருளாதார அறிஞர்கள் தீவில் ஒற்றையாக நிற்கிற ராபின்சன் குரூசோவை மனிதகுலத்தின் தொடக்கமாகக் கற்பனை செய்ததை மார்க்ஸ் 1857இல் கேலி செய்தார். கார்மாக் கதை அந்த ராபின்சன் கதையின் பனிப்பிரதேசப் பதிப்பு. அதில் 'வெள்ளிக்கிழமை'கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள், எண்ணிக்கையில் வரமாட்டார்கள்.

'வனாந்தரம்' என்ற சொல்லையும் இதே வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கிளாண்டைக் என்பது ட்ரோண்டெக் என்ற ஹான் மொழிப் பெயரின் சிதைவு. சால்மன் மீனுக்குப் பொறி கட்ட ஆற்றில் முளை அடிக்கிற கல்லிலிருந்து வந்த பெயர் அது. பொன் தேடிகள் முளை அடிப்பதற்கு எத்தனையோ தலைமுறைகள் முன்பே அந்த ஆற்றில் முளை அடித்தவர்கள் இருந்தார்கள், ஆற்றின் பெயரே சாட்சி. அலுவலகப் பேரேட்டில் அந்த முளைகளுக்கு இடமில்லை. 1897இல் தலைவர் ஐசக் தம் மக்களை அழைத்துக்கொண்டு ஆற்றின் கீழ்ப்போக்கில் இருந்த மூஸ்ஹைடுக்குக் குடிபெயர்ந்தார்.

6

துணை தானாக வராதபோது பிடித்துக் கட்டப்பட்டதும் உண்டு. 1896–97இல் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனத்தைக் கடந்த டேவிட் கார்னகி, பூர்வகுடிகளைப் பிடித்துக் கட்டி வைத்து, உப்பு இறைச்சியைத் தின்னக் கொடுத்து, தாகத்தில் அவர்கள் நீரூற்றுக்கு வழிகாட்டும்படி செய்தார். தன் புத்தகத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். பாலைவனத்தைக் கடந்த சாகசம் அவர் பெயரில் இருக்கிறது.

இனி நம் பக்கத்துக்கு வரலாம். 1802இல் மைசூர் எல்லையை அளந்துகொண்டிருந்த லெப்டினண்ட் ஜான் வாரன், கோலார்ப் பக்கத்தில் பொன் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டுப் பரிசு அறிவித்தார். கிராமத்தார் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிப் பொன்னை எடுத்துக் காட்டினார்கள். கண்டுபிடிக்க அவருக்கு எதுவும் மிச்சம் இருக்கவில்லை, எழுதுவதற்குத்தான் இருந்தது. வாரன் எழுதியதைப் படித்துவிட்டு 1871இல் மைக்கேல் லவெல் என்ற ஐரிஷ் முன்னாள் சிப்பாய் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டியில் தன்னந்தனியாகக் கிளம்பிப் போனார் என்று சொல்வார்கள். வண்டியை ஓட்டியவர் யார்? லவெல் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார், விரைவில் அதைக் கைமாற்றினார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. அதன் பிறகு அந்தப் பாதாளத்தில் இறங்கியவர்களில் மிகப் பெரும்பான்மையோர் வடஆற்காட்டிலிருந்தும் சுற்றுப் பகுதிகளிலிருந்தும் போன தமிழ்த் தலித்துகள். பெங்களூரில் லவெல் பெயரில் சாலை இருக்கிறது. வயலில் ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்கள் கடைசி நாளிலும் கூலிகளாகவே கணக்குத் தீர்க்கப்பட்டார்கள். சயனைடு மண் மேடுகள் அவர்களுடைய வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. பொன்னில் பங்கு இல்லை, மண்மேட்டில் உண்டு.

தனியாகவா, துணையோடா என்ற கேள்வியை இப்போது வேறு விதமாகக் கேட்கலாம். அலுவலகத்துக்குப் போனது யார்? காவல் இருந்தது யார்? சாப்பாடு போட்டது யார்? நீரூற்றைக் காட்டியது யார்? இவர்களில் யாருக்கு அலுவலகத்தின் மொழி தெரிந்திருந்தது? எந்தக் 'கண்டுபிடிப்பு' வரலாற்றிலும் இதைக் கேட்டுப் பார்த்தால் தனியாள் மறைந்துபோவதைக் காணலாம்.

நம் சங்கங்களின், இயக்கங்களின் வரலாறுகளையும் இந்தக் கேள்விகளுக்கு உட்படுத்தியே ஆக வேண்டும். துண்டறிக்கை எழுதியவரின் பெயர் நம்மிடம் இருக்கிறது, பேச்சுவார்த்தைக்குப் போனவரின் பெயர் இருக்கிறது. வேலைநிறுத்தம் நடந்த அத்தனை நாளும் அடுப்பெரித்தவர்களின் பெயர்கள் எந்தப் பேரேட்டில் இருக்கின்றன? அவர்களில் பலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். போய்க் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் அவகாசம் இருக்கிறது.